13 செப்டம்பர் ரொம்பின் படகுப் பயணம்: பணமும் அந்தப் படமும்

அனுப்புநர்: பெயர், முகவரி உங்கள் பதிவில் இருக்கிறது (கிள்ளான், சிலாங்கூர்)
பெறுநர்: நிர்வாகி, ஆழ்கடல் தூண்டில் பயணச் சேவை, கோலா ரொம்பின், பகாங்
தேதி: 29 செப்டம்பர் 2025

வணக்கம்.

நான் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய நான்கு செய்திகளுக்கும் சேர்த்து உங்களிடமிருந்து வந்த பதில் ஒன்றுதான்: "மீன் கிடைச்சிருச்சே பாஸ், அப்புறம் என்ன?" என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மலாயில் எழுதியிருந்தால் உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் படிப்பார்கள் என்று மச்சான் சொன்னார். ஆனால் இந்தப் பயணத்தை நீங்கள் என்னிடம் தமிழில் பேசித்தான் விற்றீர்கள். நானும் தமிழிலேயே கேட்கிறேன்.

மீன் மாட்டவில்லை என்பது என் புகார் இல்லை. அப்படிப் புகார் எழுதுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அப்பா போர்ட் கிள்ளானில் முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். ஞாயிறானால் புலாவ் இண்டா பக்கம் கைத்தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார். வாளி நிறைந்து வீட்டுக்கு வந்த நாட்களை விட, வெறும் வாளியோடு வந்து அம்மாவிடம் பேச்சு வாங்கிய நாட்கள்தான் அதிகம். கடலில் போனால் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அது எங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு இந்த வருடம் எழுபது. லாயாரான் என்கிற பாய்மர மீனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருடத்து ஆசை. அவர் அதை மயில் மீன் என்றுதான் சொல்வார். முதுகில் பாய் மாதிரி இருக்கும் அந்தத் துடுப்பு விரிவதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்தால் போதும், பிடித்தவுடன் விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். அதனால்தான் ஜூலை மாதம் உங்களோடு பேசும்போது மற்றதை விட இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்று, மீனை விடுவிப்பீர்களா? இரண்டு, தூண்டிலில் வட்ட முள் (சர்க்கிள் ஹூக்) பயன்படுத்துவீர்களா? "எங்க படகில் சர்க்கிள் ஹூக் மட்டும்தான், நூற்றுக்கு நூறு விடுவிப்பு" என்று நீங்கள் எழுதிய செய்தி என் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. தேதி ஜூலை 21, இரவு 9.14.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன்.

கிள்ளானிலிருந்து நள்ளிரவில் புறப்பட்டு, முவாட்சாம் ஷா வழியாக வந்து, காலை ஆறே காலுக்கெல்லாம் படகுத் துறையில் நின்றோம். நான், அப்பா, மச்சான், அவருடைய பதினொரு வயது மகன். ஏழு மணிக்குப் படகு என்றீர்கள். தேகோங் (படகோட்டி) வந்தது ஒன்பது இருபதுக்கு. 33 அடி, இரட்டை எஞ்சின் என்று படம் அனுப்பியிருந்தீர்கள். வந்து நின்றது 26 அடி, ஒற்றை எஞ்சின். பெரிய படகு பழுதாம். முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். படகில் தேகோங்கையும் உதவிப் பையனையும் சேர்த்து ஆறு பேர். மிதவைச் சட்டை ஐந்து. அதில் இரண்டுக்குக் கொக்கி உடைந்திருந்தது, சிறுவன் அளவுக்கு ஒன்றுகூட இல்லை. மச்சான் தன் இடுப்புப் பட்டியைக் கழற்றித் தன் மகனின் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டினார். இது ஒன்றுக்காகவே நாங்கள் அப்போதே இறங்கியிருக்க வேண்டும். இறங்காதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மணி நேரத் தாமதத்தைப் பெரிதாக்காதீர்கள் என்று தேகோங் சொன்னார். ஆனால் லாயாரானுக்கு உயிர் இரை வேண்டும். அந்த இரைக்கான சின்ன செலார் மீனை, உன்ஜாம் (மீன் கூடுவதற்காகக் கடலில் இறக்கி வைப்பது) போட்ட இடத்தில் விடியற்காலையில் அப்போலோ (ஒரே நூலில் பல சின்ன முள் கட்டிய தூண்டில்) இறக்கினால் ஒரே தடவையில் நாலைந்தாக ஏறும். வெயில் ஏறிய பிறகு அது கீழே போய்விடும். ரொம்பினில் தொழில் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் உன்ஜாமுக்குப் போனபோது மணி பத்து. முக்கால் மணி நேரம் ஆட்டியும் கிடைத்தது பதினொரு செலார். இரைத் தொட்டியின் பம்பு ஓடவில்லை. அப்பா ஒரு பழைய சாயத் தகரத்தை எடுத்து, கடல் தண்ணீரை மொண்டு தொட்டியில் ஊற்றிக்கொண்டே வந்தார். உங்கள் பையன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீன் பிடிக்கிற இடம் வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தவை நான்கு.

அந்த இடம் அருமையான இடம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆலாப் பறவைக் கூட்டம் தண்ணீரில் குத்திக்கொண்டிருந்தது, அதற்கடியில் சின்ன மீன் பந்தாகச் சுருண்டிருந்தது, இரண்டு மூன்று கருத்த முதுகுத் துடுப்புகள் அதைச் சுற்றி வந்தன. அப்பா எழுந்து நின்றுவிட்டார். எஞ்சினை அணைத்து, பலூன் கட்டி நான்கு தூண்டிலை விட்டார்கள். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். J எழுத்து மாதிரி வளைந்த ஜே முள். வட்ட முள் எங்கே என்று கேட்டேன். "ஸ்டாக் முடிஞ்சிருச்சு, இதுவும் ஒண்ணுதான்" என்றான் பையன்.

ஒன்றில்லை. அது உங்களுக்கும் தெரியும். லாயாரான் இரையை உடனே விழுங்காது. அலகால் தட்டும், வாயில் கவ்வித் திருப்பும், பிறகுதான் உள்ளே இழுக்கும். அதனால் நூலைத் தளர்த்தி விட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கிற அந்த நேரத்தில் முள் தொண்டைக்குள் போய்விடுகிறது. வட்ட முள்ளாக இருந்தால் அதன் நுனி உள்பக்கம் மடங்கியிருப்பதால் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வெளியே வரும், மீன் திரும்பி ஓடும்போது வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். கோலைச் சட்டென்று வெட்டி இழுக்கவே வேண்டாம், நூல் இறுகினாலே போதும். ஜே முள்ளை வெட்டி இழுத்தால் அது எங்கே இருக்கிறதோ அங்கேயே ஏறும். குடலோ, செவுளோ, எதுவோ. மீனை உயிரோடு விட நினைக்கிறவர்கள் இதற்காகத்தான் வட்ட முள்ளுக்கு மாறினார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் லாயாரான் போன்ற அலகு மீன் போட்டிகளில் இயற்கை இரை போட்டால் வட்ட முள் கட்டாயம் என்று 2008லேயே விதி வந்துவிட்டது.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு பலூன் நழுவிப் போனது. உங்கள் பையன் கோலை எடுத்தான், நூலை ஓடவிட்டான், பதினைந்து எண்ணும் நேரமாவது நின்றிருப்பான். பிறகு மூன்று தடவை பலம் கொண்டமட்டும் வெட்டி இழுத்துவிட்டு, கோலை அப்பா கையில் திணித்தான். மாட்டுவதிலிருந்து கரை சேர்ப்பது வரை தூண்டில்காரரே செய்ய வேண்டும், கோலை வேறு யாரும் தொடக்கூடாது என்பது 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடி சங்கத்தின் விதி. நாங்கள் சாதனைக்கு வரவில்லை, விதி எங்களுக்கு முக்கியமும் இல்லை. ஆனால் அப்பா ஐம்பது வருடமாகத் தூண்டில் போடுகிறவர். நூல் விரலில் துடிக்கிற அந்த முதல் நொடிக்குத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தார். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

மீன் நான்கு தடவை மேலே பாய்ந்தது. பாய் விரிந்ததையும் பார்த்தோம். மையைக் கொட்டின மாதிரி நீலம், விலாவில் வெளிறிய கோடுகள். இருபத்தைந்து நிமிடத்தில் படகோரத்துக்கு வந்துவிட்டது. வரும்போதே அதன் செவுளிலிருந்து ரத்தம் கசிந்து, தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் மாறிக்கொண்டிருந்தது. அலகைப் பிடித்து, தண்ணீரிலேயே வைத்து, நூலை வாய்க்கருகில் அறுத்துவிடுங்கள் என்று மச்சான் மலாயில் இரண்டு தடவை சொன்னார். தேகோங் அதைத் தூக்கிப் படகுக்குள் போட்டார். "போட்டோ வேணும்ல" என்றான் பையன்.

உச்சி வெயிலில் காய்ந்த ஃபைபர் தளம். நாங்களே செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. மீன் ஒரு தடவை துள்ளி உருண்டதும், அதன் மேல்தோலில் இருந்த வழவழப்பு தளத்தில் நீளமாக அப்பிக்கொண்டது. வாய் திறந்து மூடியது. உள்ளே முள் தெரியவில்லை, நூல் மட்டும் தொண்டைக்குள் போனது. அப்பாவை உட்காரச் சொல்லி, மடியில் மீனைத் தூக்கி வைத்து, பாயை விரித்துப் பிடிக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் பாருங்கள், அந்தப் பக்கம் பாருங்கள், இன்னொன்று. மச்சான் மகன் எடுத்த வீடியோவில் மீன் தண்ணீருக்கு வெளியே இருந்த நேரம் 3 நிமிடம் 40 விநாடி. முதல் விநாடியில் நீலமாக இருந்த மீன் கடைசியில் பழைய செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருக்கிறது. நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் வீடியோவைப் பாருங்கள், இணைத்திருக்கிறேன்.

பிறகு தலைகீழாகக் கடலில் போட்டார்கள். இந்த மீன் ஓடிக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாய்ந்து மூச்சு விடும். களைத்த மீனை அலகில் பிடித்து, படகை மெதுவாக முன்னே விட்டு, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை கூடவே இழுத்துப் போக வேண்டும். எஞ்சினையே யாரும் போடவில்லை. மீன் பக்கவாட்டில் சாய்ந்தது, வெள்ளை வயிறு தெரிந்தது, அப்படியே இறங்கிப்போனது. "நல்லா நீந்திப் போயிருச்சு" என்று பையன் கை தட்டினான்.

அப்பா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் சொன்னார்: "இதுக்கு வீட்டுக்கே கொண்டு போயிருக்கலாம்டா. நாலு பேரு சாப்பிட்டிருப்பாங்க." அதற்குப் பிறகு அவர் கோலைத் தொடவில்லை. இரண்டு மணிக்கு நாங்களே திரும்பச் சொல்லிவிட்டோம்.

கரைக்கு வந்ததும் பெட்ரோல் கூடுதல் செலவு என்று 250 வெள்ளி (ரிங்கிட்), இரை என்று 80 வெள்ளி கேட்டார்கள். ஒப்புக்கொண்ட 1,600 வெள்ளியில் பெட்ரோலும் இரையும் அடக்கம் என்று உங்கள் விலைப்பட்டியலில் அச்சாகியிருக்கிறது. பம்பில் ரோன்95 பெட்ரோல் அன்றைக்கும் லிட்டர் 2.05 வெள்ளிதான். எஞ்சினும் ஒன்றுதான் ஓடியது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த அப்பாவை வைத்துக்கொண்டு வாதாட மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். ரசீது தரவில்லை, பணம் மாற்றிய பதிவு என்னிடம் இருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். மறுநாள் காலை அக்கா ஒரு படம் அனுப்பினாள். உங்கள் முகநூல் பக்கம். அப்பா, மடியில் மீன், கீழே "வெற்றிகரமாகப் பிடித்து விடுவிக்கப்பட்டது, அடுத்த பயணத்துக்கு முந்துங்கள்" என்ற வரி. அதோடு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மீன் என்ற அந்தப் பழைய கதை வேறு. (அளந்து பார்த்த ஆய்வாளர்கள் சொல்வது முப்பதை ஒட்டித்தான்.) அப்பாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் வரிசையாகக் கூப்பிட்டு வாழ்த்துகிறார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "அது செத்துப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். அப்பாவின் படத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடுங்கள். கூடுதலாக வாங்கிய 330 வெள்ளியையும், படகு வாடகையில் பாதியான 800 வெள்ளியையும், ஆக 1,130 வெள்ளியை 14 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். முழு வாடகையையும் நான் கேட்கவில்லை. படகு கடலுக்குப் போனது, திரும்பியும் வந்தது, அதற்கு உண்டானதை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் "சர்க்கிள் ஹூக் மட்டும்" என்ற வரியை ஒன்று நீக்குங்கள், அல்லது ஒரு பெட்டி முள் வாங்கிப் படகில் வையுங்கள். பெரிய செலவில்லை அது. மிதவைச் சட்டையைப் பற்றித் துறைமுகத் தரப்பில் தனியாகப் புகார் கொடுக்கிறேன், அதில் பேரம் இல்லை.

சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் செய்திகள், விலைப்பட்டியல், பணப் பதிவு, வீடியோ நான்கும் கோப்பில் தயாராக இருக்கின்றன. பணத்தை, முன்பணம் வந்த அதே கணக்குக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
13 செப்டம்பர் பயணத்தைப் பதிவு செய்த வாடிக்கையாளர்

பி.கு.: அப்பாவின் சாம்பல் நிறத் தொப்பி படகின் முன்பக்கப் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் அவர் கைத்தூண்டில் நூல் சுற்றிய மரக்கட்டை ஒன்றும் இருக்கும். தொப்பி போனாலும் பரவாயில்லை, கட்டையைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தபால் செலவை நான் கொடுக்கிறேன்.