தாத்தாவின் சம்பளப் புத்தகத்தைப் படித்துத் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மன்காரர்களுக்கு அவரவர் மொழியிலேயே கடிதம் போட்டுவிட்டேன். ஆனாலும் என் மொழியில் ஒருமுறை எழுதினால்தான் எனக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கும்.

என் மாமியாரின் அப்பா இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர். எங்கே சண்டை போட்டார், எப்படித் திரும்பினார் என்று அவரும் சொன்னதில்லை, வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை. அவர் போனபின் மிஞ்சியது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் அவருடைய சோல்ட்பூஹ், ஓர் அடையாளத் தகடு, 1945-இல் அமெரிக்கர்கள் கொடுத்த விடுதலைச் சீட்டு. சோல்ட்பூஹ் என்றால் சம்பளப் புத்தகம். ராணுவ வீரன் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய அடையாளப் புத்தகமும் அதுதான். அட்டையில் கழுகும் ஸ்வஸ்திகாவும் இருப்பதால் மாமியார் அதை எப்போதும் குப்புறத்தான் வைப்பார். நம் ஊரில் வாசலில் போடுவதுதானே என்று முதல் தடவை நான் உளற, மனைவி முறைத்த முறைப்பு இன்னும் மறக்கவில்லை.

முதலில் பக்கத்துத் தெருப் பாட்டிக்கு நன்றி. புத்தகம் முழுக்கப் பழைய ஜெர்மன் கையெழுத்து. 'e' என்பது 'n' போல இருக்கும். 1941-இல் அந்த எழுத்தைப் பள்ளிகளில் நிறுத்திவிட்டார்கள். அதற்குமுன் படித்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். பாட்டி பூதக்கண்ணாடியை வைத்து, நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டே சத்தமாகப் படித்தார். சட்டை இரண்டு, காலுறை மூன்று ஜோடி, பூட்ஸ் ஒரு ஜோடி. காலுறைக் கணக்கு வந்தபோது மாமியார் அழுதுவிட்டார். ஏன் அந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்தச் சேகரிப்பாளர். பழைய ராணுவ ஆவணங்களைச் சந்தைகளில் தேடி வாங்குகிறவர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஏற்கெனவே ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் போயிருந்தார். இவரோ ஒரு காசு வாங்கவில்லை, எங்கள் புத்தகத்தை விலைக்கும் கேட்கவில்லை. தகட்டில் பொறித்திருந்த படைப்பிரிவைத்தான் தாத்தா சண்டையிட்ட பிரிவு என்று நம்பி நான் நான்கு மாதம் அலைந்திருந்தேன். மனிதர் சிரித்துவிட்டார். தகட்டில் இருப்பது அதை முதலில் கொடுத்த பிரிவின் பெயர், பெரும்பாலும் பயிற்சிப் பிரிவாகத்தான் இருக்கும் என்றார். தகட்டின் நடுவே கோடுபோலத் துளைகள் இருக்கின்றன. ஆள் இறந்தால் பாதியை ஒடித்து எடுத்துக்கொண்டு மறுபாதியை உடலோடு விட்டுவிடுவார்களாம். எங்களுடையது முழுசாக இருக்கிறது.

அவர் நேராக 4-ஆம் பக்கத்தைத் திருப்பினார். பிரிவுகளின் பெயர்கள் அங்கேதான் இருக்கும். ஒன்றை அடித்து அடுத்ததை எழுதியிருந்தார்கள். 78-ஆவது டிவிஷன், தென்மேற்கு ஜெர்மன் ஆட்கள் நிறைந்தது. பிறகு 12-ஆம் பக்கம், படை மருத்துவமனைப் பதிவுகள். நோய்க்குப் பதிலாக வெறும் எண்கள். 31 என்றால் போர்க்காயம். 1943 நவம்பர். பெலாரஸில் ஓர்ஷா என்ற ஊர்ப் பக்கம் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த மாதம் அது.

மருத்துவத் தோழியே, உனக்குத்தான் பெரிய கடன். இரவுப் பணி முடித்த கண்ணோடு உட்கார்ந்து, முத்திரைகளுக்கு அடியில் இருந்த சுருக்கெழுத்துகளைப் பிரித்துச் சொன்னாய். இடது தொடையில் குண்டுச் சில்லு. அந்தக் கால் கடைசிவரை சரியாக மடங்கியிருக்காது என்றாய். மாமியார் உடனே, "ஆமாம், சர்ச்சுக்குப் போனால் மண்டியிடவே மாட்டார். நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தோம்" என்றார்.

பெர்லினில் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருப்பவர்களுக்கும் நன்றி. 1939-இல் தொடங்கிய போர்வீரர் தகவல் அலுவலகம் 2019-இல் இந்தக் காப்பகத்தோடு இணைந்தது. அங்கே போர்வீரர்களைப் பற்றி 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் அட்டைகள். ராணுவத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனதால், ஒரே கோப்பில் எல்லாம் கிடைக்காது. அவர்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கமும் எங்கள் புத்தகமும் ஒத்துப்போயின. காயத்துக்குப் பிறகு தாத்தா திரும்ப அந்த டிவிஷனுக்குப் போகவே இல்லை. 1944 ஜூனில் சோவியத் படைகள் தாக்கியபோது அந்த டிவிஷன் பெலாரஸில் சிதைந்துபோனது. அந்தத் தாக்குதலில் பிடிபட்டு, ஜூலை 17 அன்று மாஸ்கோ தெருக்களில் நடத்திச் செல்லப்பட்டவர்கள் சுமார் 57,000 கைதிகள். அந்தச் சில்லு இல்லாவிட்டால் என் மாமியார் இல்லை, என் மனைவி இல்லை.

கடைசியாக, ஓய்வுபெற்ற அந்த வரலாற்று ஆசிரியர். "அப்பா யாரையாவது, ஊர் ஜனங்களை, ஏதாவது செய்திருப்பாரா?" என்று மாமியார் கேட்டார். எங்களில் யாராக இருந்தாலும், சேச்சே, இல்லை என்றுதான் சொல்லியிருப்போம். அவர் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தில் காலுறைக் கணக்கு இருக்கும், அது இருக்காது என்றார். டிவிஷனின் போர் நாட்குறிப்புகளில் எஞ்சியவை ஃப்ரைபூர்க் ராணுவக் காப்பகத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள், பிடிக்காததும் இருக்கலாம் என்றார். ஐயா, அப்போது எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. வசந்தத்தில் போகிறோம், மாமியாரும் வருகிறேன் என்கிறார்.

பாட்டி, உங்கள் பூதக்கண்ணாடி இன்னும் எங்கள் வீட்டு மேஜையில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.