முருகேசனுக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து

அன்பு முருகேசா,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இந்தப் பதில். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை மணி சொன்னான். பெரியப்பா சைக்கிளை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லையாமே, பாவி!

இங்கே பெரிய சேதி. நானும் கமலாவும் ஃபாஸ்டர் பெற்றோர் ஆகிவிட்டோம், அதாவது பெற்றவர்களோடு இருக்க முடியாத பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். அதிகாரிகள் மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார்கள். வந்திருப்பவன் ஏழு வயசுப் பையன். பெயரை வெளியே சொல்லக் கூடாது. ராத்திரி வந்து இறங்கினான், துணியெல்லாம் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். மறுநாள் தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே ரொட்டித் துண்டுகள். கமலா ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டாள்.

சுந்தரத்தின் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டதாமே என்று கேட்டிருந்தாய். பிள்ளை 'கேரில்' இருக்கிறது என்பார்கள் இங்கே. கவுன்சில், அதாவது இந்த ஊர் நகராட்சி மாதிரி, அதன் பொறுப்பில் வளர்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தில் மட்டும் 80,000 பேருக்கு மேல் அப்படி. நம்மாட்கள் இதை ஜெயிலுக்குப் போன சேதி மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! குற்றம் செய்ததா அந்தப் பிள்ளை? போலீஸ் அவசரத்துக்குத் தூக்கினாலும் 72 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். பெற்றோர் ஒப்பாவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பிள்ளைக்குப் பெரும் தீங்கு நேர்கிறது, அல்லது நேரக்கூடும் என்று காட்டினால்தான் 1989 குழந்தைகள் சட்டப்படி, பிள்ளையைக் கவுன்சில் பொறுப்பில் விட நீதிபதி ஆணை போடுவார். நோய்நொடியில் முடியாமல் தாயே ஒப்படைப்பதும் உண்டு.

எங்கள் பையனின் வழக்கு நடக்கிறது. 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி, இழுத்துக்கொண்டே போகிறது. வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கிறான், ஓர் அலுவலர் கூடவே உட்கார்ந்திருக்க. திரும்பி வந்தால் ராத்திரி வரை பேச்சே இல்லை. அவள் தேறி இவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்றுதான் வேண்டுகிறேன் முருகேசா. ஆனால் கோர்ட் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. கமலா என்னைவிட மோசம்.

நேற்று பையன் யூடியூபில் பம்பரம் பார்த்துவிட்டு ஒரே நச்சரிப்பு. மணி அடுத்த மாதம் வரும்போது இரண்டு பம்பரம் கொடுத்தனுப்பு. சாட்டையை மறந்துவிடாதே. ஆணி இருக்கிறது, கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்; பெரிய பெட்டியில் போடச் சொல்.

உன்
ராமு