ராஜினாமாவா, ஓய்வா, நீக்கமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் தலைமையோடு ஒத்துப்போகாமல் ஏதோ ஒரு நாட்டின் மூத்த ராணுவ அதிகாரி பதவியை விட்டுப் போகும்போதெல்லாம் ‘தளபதி திடீர் ராஜினாமா’ என்ற ஒரே தலைப்புதான் நம் நாளிதழ்களில் வருகிறது. தானாக விலகுவது, காலத்துக்கு முன்பே ஓய்வு கேட்பது, ஓய்வு கேட்கும்படி மேலிருந்து சொல்லப்படுவது, நீக்கப்படுவது என நான்கு வெவ்வேறு காரியங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போகின்றன. இவற்றைப் பிரித்துச் சொல்லாவிட்டால், நடந்ததற்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

பிரேசிலில் 2021 மார்ச் 29 அன்று பாதுகாப்பு அமைச்சர் பதவியிழந்தார். மறுநாள் தரைப்படை, கடற்படை, விமானப்படைத் தளபதிகள் மூவரும் மாற்றப்படுவார்கள் என்று அமைச்சகம் அறிவித்தது. அவர்களாகப் போனார்களா, அனுப்பப்பட்டார்களா என்பதற்கு அந்த அறிவிப்பில் விடை இல்லை. இத்தகைய நேரத்தில் ‘ராஜினாமா’ என்று எழுதுவதே ஒரு தரப்பின் கதையை ஏற்றுக்கொள்வதாகிவிடும்.

படையில் கடிதத்தை நீட்டியதும் வேலை முடிந்துவிடாது. இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 310-ஆம் பிரிவுப்படி படை அதிகாரி குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான் பணியில் இருக்கிறார். விசாரணையின்றி நீக்கக்கூடாது என்று குடிமைப் பணியாளர்களுக்கு 311-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. விலகல் கடிதத்தை அரசு ஏற்று, அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும்வரை அவர் படைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அனுமதியின்றிப் பத்திரிகைகளிடம் பேச முடியாது. அதனால்தான் முதல் சில நாட்களில் அமைச்சகத்தின் தரப்பு மட்டுமே வெளியே வருகிறது. தளபதியின் மௌனத்தை ஒப்புதல் என்று எண்ணிவிடக்கூடாது.

அமெரிக்காவில் கணக்கே வேறு. அங்கே மூன்று, நான்கு நட்சத்திரத் தரம், அதாவது மிக மூத்த தளபதிகளின் தரம், பதவியோடு ஒட்டியது. பதவி போனால், பொதுவாக 60 நாட்களுக்குள் இணையான வேறு பொறுப்பு கிடைக்க வேண்டும்; கிடைக்காவிட்டால் நிரந்தரத் தரத்துக்கு இறங்க வேண்டும், இல்லையேல் ஓய்வு பெற வேண்டும். அதே உயர்தரத்தில் ஓய்வு பெறவும் அவருடைய பணி திருப்திகரமாக இருந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் சான்றளிக்க வேண்டும். யாரோடு கருத்து மோதினாரோ அவருடைய கையெழுத்தே தேவைப்படும் இந்த நிலையில், ‘ஓய்வு பெறுகிறேன்’ என்ற இரண்டு வார்த்தைகளோடு பலர் நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை.

நம் நாட்டில் இந்த வேறுபாடுகளைக் காட்ட இரண்டு நிகழ்வுகள் போதும். 1959 ஆகஸ்ட் 31 அன்று ராணுவத் தலைமைத் தளபதி திம்மையா பிரதமர் நேருவிடம் விலகல் கடிதம் கொடுத்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் தலைமைத் தளபதியை நடத்திய விதமும் பதவி உயர்வுகளில் மேனனின் தலையீடும் அதற்குக் காரணம். நேரு பேசிச் சமாதானப்படுத்த, திம்மையா கடிதத்தைத் திரும்பப் பெற்றார். செப்டம்பர் 2 அன்று நாடாளுமன்றத்தில் நேரு அந்த விலகல் முயற்சியைக் குறைகூறியே பேசினார். திம்மையா 1961-இல் ஓய்வு பெற்றார். மேனனோ 1962 சீனப் போர் வரை பதவியில் நீடித்தார். இருக்கும் வழிகளிலேயே மோசமானது கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்குவதுதான் என்பது என் கருத்து. அதன்பிறகு அந்தத் தளபதி சொல்லும் எந்த ஆட்சேபத்துக்கும் முன்பிருந்த எடை இருக்காது. 1998 டிசம்பர் 30 அன்று கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் போனதோ முழுக்க வேறு வகை. துணைத் தளபதி நியமனத்தில் அரசின் முடிவை அவர் ஏற்கவில்லை. அரசு அவரை நீக்கியது. இதையும் திம்மையாவின் கடிதத்தையும் ஒரே பட்டியலில் போடுவது தவறு.

எதைப் பற்றிய கருத்து வேறுபாடு என்பதையும் கேட்க வேண்டும். உத்தரவு சட்டவிரோதமானது என்றால் அதைச் செய்ய மறுப்பதே அதிகாரியின் கடமை. மறுக்காமல் விலகிக்கொண்டால் அதே உத்தரவு அடுத்தவர் மேசைக்குப் போகும். உத்தரவு சட்டப்படியானது, ஆனால் விவேகமற்றது என்றால், எழுத்தில் ஆலோசனை சொல்லிவிட்டு நிறைவேற்ற வேண்டும். மனச்சாட்சி இடம் தராவிட்டால் விலகலாம். நிதி ஒதுக்கீடு, ஆயுதக் கொள்முதல் போன்றவற்றில் இறுதி முடிவு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுடையது. 1966-இல் புதிய விமானந்தாங்கிக் கப்பல் திட்டத்தை பிரிட்டன் அரசு கைவிட்டபோது, கடற்படைத் தலைவர் டேவிட் லூஸ் கடற்படைக்கான அமைச்சரோடு சேர்ந்து விலகினார். கப்பல் கட்டப்படவில்லை. 2017-இல் 85 கோடி யூரோ பாதுகாப்பு நிதி வெட்டை எதிர்த்து பிரான்சின் முப்படைத் தளபதி பியர் டி வில்லியே ஜூலை 19 அன்று விலகினார். அந்த வெட்டும் நிற்கவில்லை. பதவி விலகலால் அரசின் முடிவு மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் நினைவில் கொள்ளட்டும்.

அப்படியானால் விலகலால் பயன் என்ன? காரணம் பதிவாக வேண்டும். பயன் அதில்தான் இருக்கிறது. 1938 ஆகஸ்டில், செக்கோஸ்லோவாக்கியா மீதான போர்த் திட்டத்தை எதிர்த்து ஜெர்மன் தரைப்படைத் தலைமைப் பணியகத்தின் தலைவர் லுட்விக் பெக் விலகினார். தளபதிகள் எல்லோரும் சேர்ந்து விலக வேண்டும் என்று அவர் முயன்றும் அது நடக்கவில்லை. விலகலை வெளியே சொல்லக்கூடாது என்ற ஹிட்லரின் நிபந்தனைக்கு அவர் இணங்கினார். செய்தி வெளியானபோது அக்டோபர் இறுதியாகிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்பாடே அதற்குள் முடிந்திருந்தது. இதோடு அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2003 பிப்ரவரியில் செனட் குழு கேட்டபோது, போருக்குப் பிந்தைய இராக்குக்குப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். பாதுகாப்புத் துறைத் தலைமை அதைப் பகிரங்கமாக மறுத்தது. அவர் விலகவில்லை, தம் பதவிக்காலத்தை முடித்துவிட்டே ஓய்வு பெற்றார். ஆனால் அவர் சொன்ன மதிப்பீடு நாடாளுமன்றப் பதிவில் நின்றது.

கூட்டாக விலகுவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. தனி ஒருவர் விலகினால் அது மனச்சாட்சி. நால்வர் ஒரே நாளில் விலகினால் அரசை மிரட்டுவது போலாகிவிடும். துருக்கியில் 2011 ஜூலை 29 அன்று தலைமைத் தளபதி இஷிக் கோஷானெரும் முப்படைத் தளபதிகளும் ஒன்றாக ஓய்வு கேட்டனர். சிறையிலிருந்த அதிகாரிகளும் அவர்களது பதவி உயர்வும் பிரச்சினை. ஆண்டுதோறும் பதவி உயர்வுகளை முடிவு செய்யும் உச்ச ராணுவக் குழு கூட மூன்றே நாட்கள் இருந்தன. அரசு பணியவில்லை, விலகாமல் இருந்த துணைராணுவத் தளபதியை மேலே கொண்டுவந்தது. வழக்கமாகத் தலைமைத் தளபதியோடு சேர்ந்து அமரும் பிரதமர், அந்தக் கூட்டத்தில் மேசைத் தலைமாட்டில் தனியாக அமர்ந்தார். நான்கு நாற்காலிகளை ஒரே நாளில் காலி செய்து கொடுத்ததுதான் மிச்சம்.

செய்திகளில் அறவே விடுபடுவது பணிமூப்பு வரிசை. இந்தியாவில் படைத் தலைவரின் பதவிக்காலம் 3 ஆண்டுகள் அல்லது 62 வயது, இவற்றில் எது முந்தியதோ அதுவரை. தரைப்படையில் அவருக்கு அடுத்த தரமான லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். ஆகவே தலைவர் ஓராண்டு முன்னதாகப் போனால், அடுத்து வரத் தகுதியுள்ளோர் பட்டியலே மாறிவிடுகிறது. 2014 பிப்ரவரி 26 அன்று நீர்மூழ்கி விபத்துகளுக்குப் பொறுப்பேற்றுக் கடற்படைத் தளபதி ஜோஷி விலகியபோது (அது கருத்து மோதல் அல்ல) நடந்ததைப் பாருங்கள். அன்றே கடிதம் ஏற்கப்பட்டது. ஆனால் ஏறத்தாழ 7 வாரங்கள் துணைத் தளபதியே தற்காலிகப் பொறுப்பில் இருந்தார். பிறகு அவரையே அரசு தலைவராக்கியது. பணிமூப்பில் அவருக்கு முன்னிருந்த மேற்குக் கடற்படைத் தளபதி முன்கூட்டியே ஓய்வை நாடினார். ஒருவர் கிளம்ப, மூத்தவர் இன்னொருவரும் கிளம்பினார்.

எனவே தங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, கடிதம் கொடுத்த தேதியையும் ஏற்கப்பட்ட தேதியையும் தனித்தனியே எழுதுங்கள். பதவிக்காலத்தில் எத்தனை மாதம் மிச்சமிருந்தது, அவருடைய ஆட்சேபம் கோப்பிலோ நாடாளுமன்றக் குழுவிலோ பதிவானதா, அடுத்து வந்தவர் பணிமூப்பில் எத்தனையாவது இடத்தில் இருந்தார் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சிறு பெட்டிச் செய்தியும் போடுங்கள்: அவர் எதிர்த்த முடிவு நிறைவேறியதா, இல்லையா?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்