இன்சுலினைத் தள்ளிப்போட வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கத்தில் ஊசி இல்லாமல் மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் கருவி பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதன் கடைசி வரி இன்னும் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது. "ஸ்டார் டிரெக் எழுத்தாளர்களின் மூளையில் உதித்த அந்தக் கருவி கூடிய சீக்கிரம் நம் கிளினிக்குகளுக்கும் வந்துவிடும், அதுவரை மிஸ்ஸிகளின் குத்தைப் பொறுத்துக்கொள்வோம்."

அப்படிக் குத்திய மிஸ்ஸிகளில், அதாவது தாதியரில், நானும் ஒருத்தி. பினாங்கு அரசாங்க கிளினிக்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த வரி என் தொழிலைப் பற்றி மட்டும் இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். தாதியரைப் பற்றி யார் எதை எழுதினாலும் கேட்டுப் பழகியாகிவிட்டது. ஆனால் அது தவறான தகவல். அதை நம்பி நோயாளிகள் கெட்டுப்போவதை நேரில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1966-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1866-இல், மருந்து நீரை அழுத்தத்தால் தோலுக்குள் பாய்ச்சும் கருவியைப் பாரிஸ் மருத்துவர்கள் முன்னால் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ஷல் லாக்ஹார்ட் என்ற பொறியாளர் 1943-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எந்திரக் குழாயிலிருந்து பீறிட்ட எண்ணெய் தொழிலாளியின் தோலைத் துளைத்து உள்ளே போவதைக் கண்டுதான் அங்கே அந்த எண்ணம் பிறந்தது. 1947 வாக்கில் ராபர்ட் ஹிங்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். தொடரில் வரும் ஹைப்போஸ்பிரே என்ற பெயர்கூட அப்போதே அந்தக் கருவிக்கு இருந்தது. தொடரை எடுத்தவர்கள் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஊசி தோலுக்குள் இறங்குவதைத் திரையில் காட்ட அந்நாளில் தொலைக்காட்சி நிறுவனம் அனுமதிக்கவில்லை என்பதும் ஒரு காரணம். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அந்தத் தொடரில் டாக்டராக வரும் மெக்காய் நோயாளியின் கழுத்தில் கருவியை வைக்கிறார், 'ஷ்ஷ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டைக்கு மேலேயே வைத்து அழுத்துவதும் உண்டு. நிஜத்தில், மயிரிழை போன்ற மெல்லிய நீர்த்தாரையை சுருள்வில்லோ அழுத்தக் காற்றோ வேகமாகத் தள்ளித் தோலைத் துளைக்க வைக்கிறது. வலியே இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. தோல் கன்றிப்போவதும் உண்டு. அமெரிக்க இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நடக்கவிட்டு இரு புறமும் துப்பாக்கி போன்ற இந்தக் கருவியால் தடுப்பு மருந்து போட்டார்கள். கையைக் கொஞ்சம் அசைத்தவனுக்குத் தோல் கிழிந்தது.

அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. தோலில் மோதும் தாரையில் கொஞ்சம் இரத்தத்தோடு திரும்பித் தெறித்துக் கருவியின் முனையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தவருக்குப் போடும்போது அது அவர் உடம்புக்குள் போகும். 1980-களின் நடுவில் கலிபோர்னியாவில் உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் இப்படித்தான் ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் பரவியது. 1997-இல் அமெரிக்க இராணுவமே பலருக்கு ஒரே முனையில் போடும் அந்தத் துப்பாக்கிகளை நிறுத்திவிட்டது. ஆக, உங்கள் கட்டுரையாளர் எதிர்காலம் என்று எழுதியிருப்பது பல காலம் புழங்கி, ஆபத்து தெரிந்து ஒதுக்கப்பட்ட ஒன்று.

பெரியம்மை கதையையும் அவர் பாதியில் விட்டுவிட்டார். 1960-களின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் காலால் மிதித்து இயக்கும் துப்பாக்கி நன்றாக உதவியது உண்மை. அப்புறம் நடந்தது என்ன? நுனி இரண்டாகப் பிளந்த சின்ன எஃகு ஊசி ஒன்று வந்தது. மலிவு, பழுது பார்க்க வேண்டியதில்லை, கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், மருந்தும் குறைவாகவே பிடிக்கும். உலகின் பெரும்பகுதியில் வேலையை முடித்தது அந்த ஊசிதான். 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நான் புதுமைக்கு எதிரி அல்ல. இப்போது வரும் கருவிகளில் தோலைத் தொடும் பகுதி ஒருவருக்கு ஒன்று, உடனே வீசிவிட வேண்டியது. 2014-இல் அமெரிக்காவில் சளிக்காய்ச்சல் தடுப்பு மருந்து ஒன்றை அப்படிப் போட அனுமதித்தார்கள். 2021-இல் இந்தியாவில் சைகோவ்-டி என்ற கோவிட் தடுப்பு மருந்துக்கும் அப்படிப் போடத்தான் அனுமதி கிடைத்தது. இதைக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் பாராட்டிக் கடிதம் போட்டிருப்பேன்.

சரி, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள்.

நம் மலேசியாவில் ஏறக்குறைய ஆறு பெரியவர்களில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அதிலும் நம் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறோம். இன்சுலின் என்று டாக்டர் சொன்னதும் நம் ஆட்களுக்கு முகம் செத்துவிடும். இன்சுலின் போட்டால் கடைசிக் கட்டம், கண் போய்விடும், கால் போய்விடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைப் பேசிப் பேசிக் கரைத்து, ஒருவரைச் சம்மதிக்க வைக்க மாதக்கணக்காகும்.

பட்டர்வொர்த்தில் எங்கள் வரிசை வீட்டில் ஒரு லாரி ஓட்டுநர் இருக்கிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மாத்திரையில் சர்க்கரை அடங்காமல் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் நீட்டியது உங்கள் பத்திரிகையின் ஒரு துண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் போட்ட 'ஊசிக்கு விடை' என்ற செய்தி. குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தார். "ஸ்பிரே வருதாம்க்கா, வந்ததும் போட்டுக்கிறேன்" என்றார். எத்தனையோ சொன்னேன். வாயால் இழுக்கும் இன்சுலின் 2006-இல் பெரிய ஆரவாரத்தோடு வந்து அடுத்த ஆண்டே விற்பனையிலிருந்து போன கதையையும் சொன்னேன். பேப்பரில் வந்தது பொய்யா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இடது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு ஊசிக்குச் சம்மதித்தார்.

அவருக்கு முதல் ஊசியை நான்தான் போட்டுக் காட்டினேன். இன்சுலின் பேனாவில் மாட்டும் பேனா ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேராக வைத்து, பொத்தானை அமுக்கி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்பக்கா போடப் போறீங்க?" என்றார். போட்டு முடித்து ஊசியைக் கழற்றி டின்னில் போட்டுவிட்டேன் என்று சொன்னபோது அவர் மனைவி அழுதுவிட்டார். இதற்காகவா இத்தனை நாள் தள்ளிப்போட்டோம் என்ற அழுகை அது.

அந்த 4 மில்லிமீட்டரை உங்கள் பத்திரிகை ஒருநாளாவது காட்டியிருக்கிறதா? தடுப்பூசி பற்றிய செய்தி எதுவானாலும் நீங்கள் போடும் படம் ஒன்றே. தடித்த சிரிஞ்சு, நுனியில் ஒரு சொட்டு, பக்கத்தில் வாய் பிளந்து கதறும் குழந்தை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடத் தமிழ்ப்பள்ளிகளுக்குப் போகும்போது, ஊசியைப் பார்க்கும் முன்பே மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் "மிஸ்ஸி ஊசி போட்டுடுவாங்க" என்று மிரட்டிச் சோறு ஊட்டுகிறார்கள். பத்திரிகையும் அதே மிரட்டலைச் செய்ய வேண்டுமா? இதைப் பற்றி முன்பே எழுதினேன். பதில் இல்லை. கோவிட் தடுப்பூசி நேரத்தில் எழுதியதை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். அந்த இரண்டு வரியும் நான் சொல்ல வந்தது அல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே கட்டுரைக்குக் கீழே, அதே பக்கத்தில், இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று ஒரு மூலிகைப் பொடி விளம்பரம். விளம்பரம் இல்லாமல் தமிழ்ப் பத்திரிகை நடக்காது என்பது எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் நான். என் அப்பாவுக்கு உங்கள் பத்திரிகையில் வந்தால் அது சத்தியம். இன்றைக்கும் பல வீடுகளில் அப்படித்தான். அந்த நம்பிக்கையின் மேல் அந்தப் பொடியை விற்கலாமா?

என் கோரிக்கை சின்னது. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தக் கருவி தொடரில் பிறந்ததல்ல என்றும், இன்சுலின் எழுதிக் கொடுத்தவர்கள் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது என்றும் நாலு வரி போதும். பக்கத்தில் பேனா ஊசியையும் பத்து காசையும் சேர்த்து வைத்து ஒரு படம். ஊசியை நானே அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். இடம் போதாமல் கடிதத்தை வெட்ட வேண்டி வந்தால், என்னைப் பற்றி எழுதியதை எல்லாம் எடுத்துவிடுங்கள். இன்சுலின் பத்தியை மட்டும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு