கவுண்டி தேர்தலுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததையெல்லாம் நியூ ஜெர்சியில் இருக்கும் நாங்கள் ஒன்று விடாமல் படித்தோம். கமலா ஹாரிஸின் தாத்தா ஊர், கோயிலில் பூஜை, ஊர்மக்கள் பேட்டி எல்லாம் இருந்தது. ஆனால் அவர் முதன்முதலில் ஜெயித்த தேர்தல் எது என்று நான் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை. 2003-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர்) பதவிக்கு நடந்த தேர்தல் அது. அங்கே நகரமும் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒரே நிர்வாகம். 2010-ல் கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) தேர்தலில், எதிர்த்து நின்ற ஸ்டீவ் கூலி முதல் நாள் இரவே தான் ஜெயித்துவிட்டதாக அறிவித்தார். எண்ணிக்கை முடியச் சுமார் மூன்று வாரம் ஆனது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ் ஜெயித்தார். சென்னையில் பிறந்து, பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போன பிரமிளா ஜெயபாலும் 2014-ல் வாஷிங்டன் மாநில செனட்டுக்குத்தான் முதலில் தேர்வானார். நாம் பெருமைப்படுகிற இவர்கள் எல்லோரும், நாம் திரும்பிக்கூடப் பார்க்காத தேர்தல்களில் இருந்து வந்தவர்கள்.

நான் மிடில்செக்ஸ் கவுண்டியில், எடிசனில் இருக்கிறேன். சில வருஷங்களாகத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வேலைக்குப் போகிறேன். இங்கே காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடுவார்கள். அதிபர் தேர்தல் வருஷத்தில் தமிழ் முகங்களுக்குக் குறைவே இருக்காது. பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வருவார்கள், வெளியே போய் ஸ்டிக்கரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நவம்பரில் அதே சாவடியில் அந்த முகங்களைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அதிபர் தேர்தல் கணிப்பில் பென்சில்வேனியாவில் யார் எத்தனை சதவீதப் புள்ளி முன்னிலை, விஸ்கான்சினில் எத்தனை என்று விரல்நுனியில் வைத்திருப்பார். "மாமா, இன்னும் ஓட்டுப் போட வரலையே?" என்று கேட்டால், "இந்த வருஷம் பெரிய எலெக்‌ஷன் ஒண்ணும் இல்லையேம்மா" என்கிறார். 2023-ல் மாநிலச் சட்டமன்றத்தின் 120 இடங்களுக்கும் தேர்தல் நடந்தபோது அவர் சொன்னது இது. நம்மவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. நியூ ஜெர்சி முழுவதிலும் அந்த வருஷம் பதிவு செய்த வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஓட்டுப் போட்டார்கள். 2020 அதிபர் தேர்தலில் அதுவே 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

கருத்து இல்லாமல் யாரும் வீட்டில் உட்காரவில்லை. எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் சொத்து வரிப் பேச்சு வந்துவிடும். இந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரி சொத்து வரி ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். அதில் ஏறத்தாழ பாதி பள்ளிகளுக்குப் போகிறது, ஒரு பங்கு கவுண்டிக்கு, ஒரு பங்கு ஊருக்கு. இதில் எதையும் வாஷிங்டனில் இருக்கிறவர் முடிவு செய்வதில்லை. ஸ்கூல் போர்டும் கவுண்டி கமிஷனர்களும் ஊராட்சி மன்றமும் முடிவு செய்கிறார்கள். வரியைப் பற்றி இரண்டு மணி நேரம் கொதிக்கிற அதே ஆள், வாக்குச் சீட்டில் ஸ்கூல் போர்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறார். அந்தப் பதவிக்குக் கட்சிப் பெயர் போட்டிருக்காது, வெறும் பெயர்தான். பெயர் தெரியாவிட்டால் கை நகராது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தெரியாத பெயரைத் தெரிந்த பெயராக்குவது பத்திரிகை வேலை என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கருத்துக்கணிப்பை நம்பிச் சும்மா இருந்துவிடுகிறவர்களும் உண்டு. நியூ ஜெர்சியின் 2021 கவர்னர் தேர்தலில் மான்மத் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கணிப்பு, அப்போதைய கவர்னர் பில் மர்ஃபி 11 புள்ளி முன்னிலை என்றது. அவர் ஜெயித்தது சுமார் 3 புள்ளியில். கணிப்பு நடத்திய பேட்ரிக் மர்ரே அதன்பின் பத்திரிகையில் பகிரங்கமாகவே வருத்தம் தெரிவித்து எழுதினார். 2025 கவர்னர் தேர்தலில் தலைகீழ். மிக்கி ஷெரிலுக்கும் ஜாக் சியாட்டரெல்லிக்கும் நெருக்கமான போட்டி என்று பல கணிப்புகள் சொல்ல, ஷெரில் 13 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். கணிப்பாளர்களைத் திட்டிப் பயனில்லை. பாதிப் பேர் வராத தேர்தலில் யாருக்கு ஆதரவு என்பதைவிட யார் வருவார்கள் என்பதுதான் கடினமான கேள்வி, அதற்குத் தொலைபேசியில் யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. சட்டமன்றத் தொகுதி, கவுண்டி என்று கீழே இறங்கினால் பெரும்பாலும் கணிப்பே கிடையாது. அதே 2021-ல் மாநில செனட் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனியை, அதுவரை எந்தப் பதவியிலும் இல்லாத லாரி ஓட்டுநர் எட்வர்ட் டர், 2,000-க்குச் சற்று மேற்பட்ட ஓட்டில் தோற்கடித்தார். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருந்தவர் ஸ்வீனி.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வர்ஜீனியா மாநிலக் கீழவையின் 94-வது தொகுதி. 2017-ல் அங்கே ஷெல்லி சைமண்ட்ஸ், டேவிட் யான்சி இருவருக்கும் கடைசியில் ஆளுக்கு 11,608 ஓட்டு. மறுஎண்ணிக்கையில் ஒரு ஓட்டில் சைமண்ட்ஸ் முன்னே போனார். சர்ச்சைக்குரிய ஒரே ஒரு சீட்டை நீதிமன்றம் ஏற்றதும் சமமாகிவிட்டது. 2018 ஜனவரியில் இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. 100 பேர் கொண்ட அந்த அவையில் அவருடைய குடியரசுக் கட்சி 51-49 என்று பெரும்பான்மையைத் தக்கவைத்தது. அதற்கு முன்பு 66 இடம் வைத்திருந்த கட்சி அது. அந்தச் சரிவுக்குப் பிறகுதான், பல வருஷம் தடைபட்டுக் கிடந்த மெடிக்கெய்ட் விரிவாக்கம் 2018-ல் நிறைவேறியது. வருமானம் குறைந்த எத்தனையோ குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது ஒரு மாநிலத் தேர்தலால்.

எங்கள் மாநிலத்திலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது, அதைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படிக்கவில்லை. முன்பெல்லாம் ஜூன் மாத பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்), 21 கவுண்டிகளில் 19-ல், கவுண்டி கட்சி ஆதரிக்கும் வேட்பாளர்களை எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் அச்சிடுவார்கள். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில் இருப்பார்கள். மேலே தெரிந்த பெயரைப் பார்த்தவர் அப்படியே அந்த வரிசையிலேயே இறங்கிவிடுவார். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அச்சடித்த தாளே பாதி தீர்மானித்தது. அமெரிக்க செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் வழக்குத் தொடர, 2024 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி ஸாஹித் குரைஷி அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி பிரைமரியில் இந்த முறைக்குத் தடை போட்டார். அப்புறம் 2025-ல் சட்டமே மாறியது. இப்போது பதவிவாரியாகப் பெயர்கள் வருகின்றன. நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு பெயரையும் வாக்காளர் தானே அறிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு கூடியிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் அமெரிக்கச் செய்திப் பக்கத்தில் வருஷா வருஷம் செப்டம்பரிலேயே ஒரு பத்தி ஒதுக்குங்கள். தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் அந்த ஆண்டு எந்தெந்தப் பதவிக்குத் தேர்தல், ஷெரிஃபும் கமிஷனரும் என்ன வேலை செய்கிறார்கள், பதிவு செய்யக் கடைசி நாள் எது என்று எழுதுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் இந்தத் தேர்தல்களில் வாக்களிக்கக் கூடாது, லைசென்ஸ் வாங்கும் இடத்தில் தெரியாமல் வாக்காளர் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டாலும் குடியேற்றச் சிக்கல் வரலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். குடியுரிமை வாங்கியும், ஆங்கிலம் படிக்கத் தெரியாததால் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிற அம்மாக்கள் பலரை எனக்குத் தெரியும். வாக்குரிமைச் சட்டத்தின் 208-வது பிரிவுப்படி அவர்கள் மகளையோ மருமகளையோ துணைக்கு உள்ளேயே அழைத்துப் போகலாம். முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. இது அவர்களுக்குத் தமிழில்தான் போய்ச் சேரும்.

2026-ல் நவம்பர் 3 தேர்தல் நாள். நியூ ஜெர்சியில் 21 நாள் முன்னதாக, அதாவது அக்டோபர் 13-க்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன்பே அந்தப் பத்தி வந்துவிட்டால், எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் நானே பிரதி எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி