அது சோடா இல்லீங்க, பவுடர்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம், கிளீவ்லேண்ட் பக்கத்துல இருக்கேன். உங்க பேப்பரை தினமும் காலைல காபியோட போன்லதான் படிக்கறது. போன வாரம் இணைப்புல, சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல்) அன்னிக்கு வீட்டுக்கு ஆளுங்க வந்தா என்ன செஞ்சு வைக்கலாம்னு 12 ஐட்டம் போட்டிருந்தீங்க. இந்த ஊர் மேட்ச்சை பத்தி தமிழ்ல ஒரு பக்கம் வந்ததே பெரிய விஷயம், அதுக்கு நன்றி. ஆனா ரெண்டு விஷயம் சொல்லணும், ஒண்ணு திருத்தம், இன்னொண்ணு வருத்தம்.

மொதல்ல திருத்தம். சிக்கன் விங்ஸ் குறிப்புல பேக்கிங் சோடா 1 டேபிள்ஸ்பூன்னு அச்சாயிருக்கு. அது சோடா இல்லீங்க, பேக்கிங் பவுடர். பேர் கிட்டக்கிட்ட இருந்தாலும் ரெண்டும் வேற வேற, பவுடர் லேசான காரம், சோடா அதைவிட பலமடங்கு காரம் (மிளகாய் காரம் இல்ல, கெமிஸ்ட்ரி காரம்). பவுடரை கோழித்தோல் மேல லேசா தடவினா தோல்ல இருக்கற புரோட்டீன் சீக்கிரம் உடைஞ்சு, ஈரம் வத்தி, எண்ணெய்ல பொரிச்ச மாதிரியே மொறுமொறுன்னு செவக்கும். அதே அளவு சோடாவை போட்டா சோப்பை நக்கின மாதிரி இருக்கும். எனக்கு எப்படி தெரியும்னா உங்க குறிப்பை பாத்து செஞ்ச என் ஃப்ரெண்ட் ஒருத்தி ராத்திரி 9 மணிக்கு போன் பண்ணி "ஏன்டி இது ஏதோ துணி துவைக்கற ருசில இருக்கு"ன்னு கேட்டா, நான் உடனே பேப்பரை திறந்து பாத்தேன்.

சரியான முறை இதுதான். 2 பவுண்டு விங்ஸை பேப்பர் டவல்ல நல்லா ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுக்கணும், இதுல சோம்பல் படவே கூடாது, பவுடரைவிட இதுதான் முக்கியம்னுகூட சொல்வேன். அப்புறம் 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு போட்டு பிரட்டி, கம்பி ரேக் மேல பரப்பி, முடிஞ்சா ஒரு ராத்திரி மூடாம ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு, மறுநாள் அவன்ல 425 டிகிரி ஃபாரன்ஹீட்ல 40, 45 நிமிஷம், நடுவுல ஒரு தடவை திருப்பி விட்டா போதும். உள்ள 165 டிகிரி வந்துச்சான்னு தெர்மாமீட்டர் வச்சு பாத்துடுங்க. கேயேன் மிளகாய் ஹாட் சாஸ்ல வெண்ணெயை உருக்கி ஊத்தி ஒரு குலுக்கு குலுக்கினா முடிஞ்சது, எண்ணெய்ச் சட்டியே வேண்டாம்.

இந்த விங்ஸுக்கு ஒரு கதை இருக்கு, அதை நீங்க போடாம விட்டதுல எனக்கு கொஞ்சம் கோவம்தான். 1964ல நியூயார்க் மாநிலம் பஃபலோ ஊர்ல ஆங்க்கர் பார்ங்கற கடைல தெரேசா பெலிசிமோங்கற அம்மா ஆரம்பிச்சு வச்சதுன்னு சொல்வாங்க, அதுவரைக்கும் விங்ஸை சூப்புக்குதான் போடுவாங்களாம். பஃபலோ எங்க ஊர்லேர்ந்து ஏரி ஓரமாவே கார்ல போனா 3 மணி நேரம். அந்த ஊர் டீம் பஃபலோ பில்ஸ் 1991லேர்ந்து 1994 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் சூப்பர் பவுல் போய் நாலுலயும் தோத்தாங்க. எங்க ஊர் டீம் பிரௌன்ஸ் அந்த கஷ்டம்கூட குடுக்கல, ஏன்னா அவங்க இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவைகூட சூப்பர் பவுலுக்கு போனதே இல்ல! பிரௌன்ஸ் கடைசியா சாம்பியன் ஆனது 1964 டிசம்பர் 27, பால்டிமோர் கோல்ட்ஸை 27-0ன்னு அடிச்சாங்க, அப்போ சூப்பர் பவுலே கிடையாது, அது 1967 ஜனவரிலதான் ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டு பெரியவர் அந்த 1964 மேட்ச்சுக்கு சின்ன பையனா அவங்க அப்பாகூட போனவர், வருஷாவருஷம் எங்க வீட்டுக்கு மேட்ச் பாக்க வரும்போது நறுக்கின செலரி (கீரைத்தண்டு மாதிரி, பச்சையா கடிக்கறது) ஒரு டப்பா நிறைய கொண்டு வந்து வச்சுட்டு "விங்ஸும் 64, நம்ம கப்பும் 64, விங்ஸ்தான் இன்னும் நிலைச்சு நிக்குது"ம்பார். அந்த செலரியை அவரைத் தவிர யாரும் பெருசா தொட மாட்டாங்க. ஆனா அந்த டப்பா மேஜைல இல்லேன்னா எங்க யாருக்கும் மேட்ச் ஆரம்பிச்ச மாதிரியே இருக்காது.

இப்ப வருத்தத்துக்கு வரேன். 12 ஐட்டம் போட்டிருக்கீங்களே, இதை செய்யறது யாரு? செய்யறவங்க எப்ப உக்காருவாங்க?

நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன். 2017 பிப்ரவரி 5, நியூ இங்கிலாண்ட் பேட்ரியாட்ஸுக்கும் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கும் சூப்பர் பவுல், எங்க வீட்ல 14 பேரு, நான் 9 ஐட்டம் செஞ்சேன். ஆனியன் ரிங்ஸ், மோசரெல்லா ஸ்டிக், ஹலபீனோ பாப்பர் எல்லாமே சுடச்சுட பொரிச்சாத்தான் நல்லாருக்கும்ங்கறதால மொத பாதி முழுக்க அடுப்பு முன்னாடியே நின்னேன். மூணாவது குவார்ட்டர்ல ஃபால்கன்ஸ் 28-3ன்னு முன்னாடி போனதும் பாதி பேரு கெளம்பிட்டாங்க, என் வீட்டுக்காரர் "அவ்ளோதான், மேட்ச் முடிஞ்ச மாதிரிதான்"னாரு, சரின்னு நான் எண்ணெய்ச் சட்டியை கழுவ போனேன். குழாய் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திடீர்னு ஹால்ல ஒரே கத்தல், யாரோ சோபாலேர்ந்து விழுந்த சத்தம், கையெல்லாம் சோப்பு நுரையோட ஓடி வந்து பாத்தா பேட்ரியாட்ஸ் ஆட்டக்காரர் எடல்மேன் மூணு பேருக்கு நடுவுல, தரையை தொட ஒரு விரக்கடை இருக்கும்போது பந்தை புடிச்சதை ரீப்ளேல போட்டுட்டிருக்காங்க. அப்புறம் ஓவர்டைம் போய் 34-28ன்னு பேட்ரியாட்ஸ் ஜெயிச்சாங்க, ஒரு சூப்பர் பவுல் ஓவர்டைம் போனது அதான் மொத தடவை. அந்த கேட்ச்சை உலகமே லைவா பாத்துச்சு, நான் சட்டி கழுவிட்டு இருந்தேன். ஒன்பது ஐட்டம் செஞ்சதுக்கு யாரும் என்னை திட்டல, பாராட்டினாங்கதான், ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு அழுகையா வந்துச்சு, ஏன்னு கேட்டா சொல்ல தெரியல.

அதுக்கப்புறம் ஒரே ஒரு ரூல்தான், என்னை சோபாலேர்ந்து எழுப்புற ஐட்டம் எங்க வீட்டு மேஜைக்கு வராது. ஈஸியா செய்யறதை இங்க சிலர் சோம்பேறித்தனம்னு நினைக்கறாங்க, "கடை டப்பாவை திறந்து வச்சிருக்கா பாரு"ன்னு என் காதுபடவே பேசியிருக்காங்க. பேசட்டும். சமைக்கறவளுக்கும் மேட்ச் பாக்க ஆசை இருக்கும்ல?

இதுல இன்னொரு விஷயம், இந்த ஆட்டம் ஓடற நேரத்தைவிட நிக்கற நேரம்தான் ஜாஸ்தி. கடிகாரத்துல 60 நிமிஷம், டிவில மூணு மணி நேரத்துக்கு மேல, ஆனா ஒரு மேட்ச்ல பந்து நெசமாவே ஆட்டத்துல இருக்கறது கிட்டத்தட்ட 11 நிமிஷம்தான்னு 2010ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கு போட்டு எழுதுச்சு. மிச்ச நேரமெல்லாம் பேச்சும் தீனியும்தான். 2013 சூப்பர் பவுல்ல நியூ ஆர்லியன்ஸ் ஸ்டேடியத்துல பாதி லைட்டு அணைஞ்சு 34 நிமிஷம் ஆட்டமே நின்னுச்சு, அந்த வருஷம் எங்க வீட்ல சாப்பாடு காலியானது அந்த 34 நிமிஷத்துலதான்.

சரி, நான் இப்ப என்னதான் வைக்கறேன்? விங்ஸ் சொல்லிட்டேன். சீஸ் டிப் ஸ்லோ குக்கர்ல, வெல்வீட்டா (கடைல விக்கற ப்ராசஸ்டு சீஸ்) கட்டியை துண்டு போட்டு, பச்சமிளகாய் சேர்ந்த தக்காளி டின் ஒண்ணை அப்படியே கவுத்து, லோல வச்சு உருகினதும் வார்ம்ல விட்டுடுவேன். நல்ல செடார் போட்டா இன்னும் ருசியா இருக்கும்னு ஒருத்தர் சொல்ல, நம்பி போட்டேன், எண்ணெய் தனியா ரப்பர் தனியா பிரிஞ்சு போச்சு. வெல்வீட்டால சேக்கற உப்பு வகைங்கதான் கொழுப்பையும் தண்ணியையும் பிரியாம புடிச்சு வைக்குது, அதனால இந்த ஒரு எடத்துல மட்டும் மட்டமான சீஸ்தான் ஒசத்தி. க்ரீம் சீஸ் கட்டி ஒண்ணை தட்டுல வச்சு மேல பெப்பர் ஜெல்லி (இனிப்பும் காரமுமா இருக்கற மிளகாய் ஜாம்) ஊத்தி க்ராக்கர் சுத்தி அடுக்கறது ரெண்டே நிமிஷம், அதுக்குதான் அதிகமா ரெசிபி கேக்கறாங்க, வெக்கமா இருக்கு. குவாக்கமோலி (அவகாடோவை மசிச்சு செய்யற டிப்) செஞ்சா பிளாஸ்டிக் ராப்பை கிண்ணத்து வாயில கட்டாதீங்க, குவாக்கமோலி மேலயே ஒட்டற மாதிரி அழுத்தி மூடுங்க, காத்து படலேன்னா கறுக்காது.

நாலாவது, பிக்ஸ் இன் எ பிளாங்கெட். குட்டி சாசேஜை க்ரெசன்ட் மாவுல (கடைல ரெடியா டப்பால வர்ற மாவு) சுருட்டி 375 டிகிரில 12லேர்ந்து 15 நிமிஷம் வச்சா ஆச்சு. அந்த மாவு வர்ற அட்டை டப்பா இருக்கே, பேப்பரை உரிச்சு ஓரத்துல ஸ்பூனால அழுத்தினா 'பட்'டுன்னு வெடிக்கும். என் மாமியார் ஊர்லேர்ந்து வந்த மொத வருஷம் அந்த சத்தத்துக்கு பயந்து "ஏம்மா, என்னமோ வெடிச்சிருச்சு"ன்னு ஹாலுக்கு ஓடினாங்க. ரெண்டாவது டப்பாவை தூரமா நின்னு பாத்தாங்க. மூணாவதை "குடு, நான் உடைக்கறேன்"னு வாங்கிட்டாங்க. இப்ப அத்தைக்கு சாசேஜ் ஆகாது, சைவம், அந்த மாவுக்குள்ள அவங்களுக்குன்னு சீஸ் குச்சி வச்சு சுருட்டி தருவேன், ஆனா டப்பா உடைக்கற வேலை அவங்களோடது, வேற யாரும் கை வைக்க முடியாது. ஆட்டம் அவங்களுக்கு இன்னும் புரியல, நாலு முயற்சில 10 கஜம் போகணும்னு என் பையன் எத்தனையோ தடவை சொல்லிட்டான், "போறதுதான் போறாங்க, ஏன் ஒவ்வொரு தடவையும் விழுந்து எந்திரிக்கணும்"னு கேப்பாங்க. செலரி பெரியவர் அதுக்கு சிரிச்ச சிரிப்புல அவர் குடிச்சிட்டிருந்த சோடா மூக்குல ஏறிடுச்சு.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, இதையும் நீங்க போடல. கறி, முட்டை, பால் சம்பந்தப்பட்டது எதுவும் வெளில 2 மணி நேரத்துக்கு மேல இருக்க கூடாதுன்னு இங்க விவசாயத்துறை சொல்லுது. மேட்ச் அதைவிட நீளம். அதனால பாதியை மொதல்லயும் மீதியை ஹாஃப்டைம்லயும் எடுத்து வைங்க, சூப்பர் பவுல் ஹாஃப்டைம் பாட்டு கச்சேரியால ரொம்ப நீளம், தாராளமா நேரம் இருக்கும்.

எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியல, இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு போயிடறேன். 2017 சீசன்ல எங்க பிரௌன்ஸ் 16 மேட்ச் ஆடி பதினாறும் தோத்தாங்க. இந்த ஊர் ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா, 2018 ஜனவரி குளிர்ல ஸ்டேடியத்தை சுத்தி ஊர்வலம் போனாங்க, அதுக்கு பேரு 'பெர்ஃபெக்ட் சீசன்' ஊர்வலம், பூஜ்யம் மாதிரி வட்டமா நடந்தாங்க, ஃபுட் பேங்க்குக்கு (இல்லாதவங்களுக்கு சாப்பாடு குடுக்கற அமைப்பு) வசூலும் பண்ணி குடுத்தாங்க. அந்த வருஷம் பிரௌன்ஸ் ஜெயிச்சாத்தான் பூட்டு தானா திறக்கும்னு ஒரு பீர் கம்பெனி ஊர்ல அங்கங்க ஃப்ரிட்ஜ் பூட்டி வச்சுது. செப்டம்பர் 20, வியாழக்கிழமை ராத்திரி, நியூயார்க் ஜெட்ஸ் டீம்கூட 21-17, கடைசி வெற்றிலேர்ந்து 635 நாள் கழிச்சு ஜெயிச்சாங்க. மறுநாள் ஸ்கூல், ஆபீஸ் எல்லாம் இருக்கு, யாரையும் கூப்பிடல, வீட்ல இருந்தது ஒரு சிப்ஸ் பாக்கெட்டும், சாயங்காலம் சும்மா கலக்கி வச்ச ஆனியன் டிப்பும்தான் (உலர்ந்த ஆனியன் சூப் பாக்கெட் ஒண்ணு, சவர் க்ரீம் 2 கப், ஒரு மணி நேரமாவது ஊறணும்). மேட்ச் முடிஞ்சப்ப மணி பதினொண்ணரை பக்கம், காலிங் பெல் அடிச்சுது, கதவை திறந்தா பெரியவர் பைஜாமாவோட நிக்கறாரு, கைல செலரி டப்பா. ஒண்ணும் பேசல, உள்ள வந்து உக்காந்தாரு, நானும் உக்காந்தேன், டிப் காலியாகற வரைக்கும் ரெண்டு பேரும் ரீப்ளே பாத்தோம். செலரி ஆனியன் டிப்ல அவ்ளோ நல்லாருக்கும்னு எனக்கு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

அந்த திருத்தத்தை வர்ற வாரமே போட்டுடுங்க, ப்ளீஸ், மூலைல பொடி எழுத்துல இல்லாம குறிப்பு வந்த அதே பக்கத்துல. மேட்ச்சுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு, எத்தனை வீட்ல சோடா டப்பாவை எடுத்து வச்சிருக்காங்களோ.

இப்படிக்கு,
பிரௌன்ஸ் ரசிகை ஒருத்தி,
கிளீவ்லேண்ட், ஒஹையோ