தலை, கழுத்துக் கட்டிகளை அறுப்பதற்கு முன் ஸ்கேனும் திசுச் சோதனையும் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நோயாளி ஒருவரின் தங்கை,
பிறை, பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநிலச் சுகாதாரத் துறை, பினாங்கு.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

லோரி ஓட்டுநரான என் அண்ணனுக்கு வலது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில் ஒரு கட்டி தோன்றி, நான்கு மாதங்களில் சுண்டைக்காய் அளவிலிருந்து எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்தது. வலி இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனபோது, தொட்டுப் பார்த்த அளவிலேயே கொழுப்புக் கட்டி என்று முடிவு செய்து, மரத்துப்போக ஊசி போட்டு அன்றே அறுத்தெடுத்துவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை, எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் இல்லை. மூன்றாம் மாதம் தையல் போட்ட இடத்திலேயே கட்டி மீண்டும் வந்தது. அரசு மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேனும் திசுச் சோதனையும் செய்த பிறகே அது மென்திசு சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது.

தசை, கொழுப்பு, நரம்பு, இரத்தக்குழாய் ஆகியவற்றில் தோன்றும் இந்நோய், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய 1 விழுக்காடுதான்; அதிலும் தலை, கழுத்தில் வருவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. ஒரு கிளினிக் மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் இதைப் பார்க்காமலே இருந்துவிடலாம் என்பதால், அவர்மீது புகார் கூற நான் இம்மனுவை எழுதவில்லை. இத்தனை அரிதான நோயை ஒருவருடைய அனுபவத்தை மட்டும் நம்பி விட்டுவிடாமல், அதற்கென ஒரு நடைமுறை வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதல் அறுவைதான் இந்நோயின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. கட்டியைச் சுற்றி உறைபோலத் தெரிவது உண்மையான உறை அன்று. அதிலும் புற்றணுக்கள் இருக்கும். அதை ஒட்டி உரித்தெடுத்தால் மிச்சம் தங்கிவிடும். தொடையில் என்றால் சுற்றியுள்ள நல்ல சதையையும் தாராளமாகச் சேர்த்து எடுக்கலாம். கழுத்திலோ முக நரம்பும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயும் மிக அருகில் இருக்கின்றன. அதனால்தான் கட்டியின் அளவைக் கொண்டு நோயின் நிலையை வகுக்கும் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் கையேட்டின் எட்டாம் பதிப்பு, கை கால் கட்டிகளுக்கு 5 செ.மீ.யை முதல் எல்லையாக வைத்துவிட்டு, தலை, கழுத்துக்கு மட்டும் 2 செ.மீ., 4 செ.மீ. எனத் தனி அளவுகள் வகுத்திருக்கிறது. என் அண்ணனுக்கு இரண்டாம் அறுவையில் பழைய தழும்பு முழுவதையும் முக நரம்பின் ஒரு கிளையையும் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் வாரம் ஐந்து நாளாக ஆறு வாரங்களுக்கு மேல் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. இன்று அவருக்கு வலக்கண் முழுதாக மூடுவதில்லை.

ஆகவே, மாநிலத்தின் எல்லா அரசு, தனியார் கிளினிக்குகளுக்கும் தாங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். தலை, முகம், கழுத்தில் தொடர்ந்து வளரும், ஆழத்தில் இருக்கும், அல்லது எடுத்த பின் திரும்ப வரும் எந்தக் கட்டியையும் ஸ்கேனுக்கும் திசுச் சோதனைக்கும் முன் அறுக்கக் கூடாது என்றும், எடுத்த சதை எதையும் ஆய்வுக்கு அனுப்பாமல் எறியக் கூடாது என்றும் அதில் இருக்க வேண்டும். மெல்லிய ஊசியில் வரும் சில அணுக்களைக் கொண்டு சார்கோமாவின் வகையையும் வீரியத்தையும் அறிவது கடினம். ஆகவே திசுச் சோதனைக்குத் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். அந்த ஊசி செல்லும் வழியையும் பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவரே முடிவு செய்தல் நலம். குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோசார்கோமா என்னும் சார்கோமா வகை, ஒரு பக்க மூக்கடைப்பாகவோ ஆறாத காதுச் சீழாகவோ கண் பிதுங்குவதாகவோ தொடங்கக்கூடும் என்பதையும் சேர்க்க வேண்டுகிறேன். அது கீமோதெரபிக்கு நன்கு இணங்கும் நோய் என்பதால், தாமதமாகக் கண்டறிவது பெருந்துயரம்.

நோய் உறுதியானதும், சிகிச்சை தொடங்கும் முன்பே காது மூக்கு தொண்டை, கதிரியக்கம், நோய்க்குறியியல், புற்றுநோய்த் துறை மருத்துவர்கள் ஒன்றாக அமர்ந்து முடிவெடுக்க ஏற்பாடு வேண்டும். 350 கிலோமீட்டருக்கு அப்பால் புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பப்படும் ஏழை நோயாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் பயணம், தங்குமிடச் செலவில் உதவி தேவை. என் அண்ணன் என்னவென்று விளங்காமலே ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டவர். விளக்கத் தாள்கள் தமிழிலும் கிடைத்தால் பலருக்குப் பயன்படும்.

எம்ஆர்ஐ, திசு ஆய்வு அறிக்கைகளின் நகல்களை இணைத்துள்ளேன். தாங்கள் நாள் குறித்தால், நானும் அண்ணனும் நேரில் வந்து விவரம் சொல்ல அணியமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்